ராத்திரிச் சப்தம்

எழுதுகிறவனுக்கு நிசப்தம் வேண்டும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. என் வீட்டுக்கு வருகிற சிநேகிதர்கள் பலர், "மாம்பலத்திலே, இந்த இரைச்சலிலே, எப்படி ஸார் உட்கார்ந்து எழுதுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பரிதாபமாக என் முகத்தைப் பார்ப்பார்கள். மின்சார ரயிலின் தடதடப்பு, கல்யாண மண்டபத்து நாதஸ்வரம், குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு தக்காளி விலையை ஓயாமல் ஒப்பிக்கிற தள்ளுவண்டி, இவையெல்லாம் என்னை எப்போதுமே பாதித்ததில்லை. முப்பது வருஷமாக இந்தச் சப்தங்களுக்கு நடுவில்தான் என் கதாநாயகிகள் ரகசியம் பேசியிருக்கிறார்கள். என்னைப் பாடாய்ப் படுத்திய சப்தம் ஒன்றே ஒன்றுதான். அது தெருவிலிருந்து வரவில்லை. என் மேஜை மேலிருந்தே வந்தது.

சென்னையில் தலைக்கு மேலே சுற்றுகிற விசிறிக்கு வருஷத்தில் ஒரே ஒரு மாதம் விடுமுறை. மார்கழி நடுவில் ஆரம்பித்துத் தை முடிவதற்குள் அந்த விடுமுறை தீர்ந்துவிடும். மற்றப் பதினொரு மாதமும் அது கடகடவென்று ஓடிக்கொண்டே இருப்பதால், அதற்குக் கீழே நடக்கிற சின்னஞ்சிறு சப்தங்கள் ஒன்றும் நம் காதுக்கு எட்டுவதில்லை. 2024 ஜனவரியில் ஒரு ராத்திரி, பனி இறங்குகிறதே என்று அதை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எங்கேயோ குக்கர் ஆவி விடத் தொடங்குகிறாற்போல் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சப்தம் கேட்டது. எழுந்து போய்ச் சமையலறையைப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்தேன். அதுவும் ஒழுகவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மர்மம் விளங்கிற்று. என் லாப்டாப்தான் அப்படிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பத்திரிகைகளில் இந்த யந்திரத்துக்கு மடிக்கணினி என்று எழுதுகிறோம். அழகான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைச் சூட்டிய புண்ணியவான் அதைச் சித்திரை மாதத்தில் ஒரு மணி நேரமாவது மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க மாட்டார் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆறேழு வருஷமாக என்னோடு இருக்கிற யந்திரம் அது. இத்தனை காலமும் அது இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. கேட்ட பிறகு வேறொன்றையும் கேட்க முடியவில்லை. சீராக ஒரே சுருதியில் ஒலித்தாலும் பரவாயில்லை, மறந்துவிடலாம். சற்று நேரம் சும்மா இருக்கும், திடீரென்று எதையோ நினைத்துக்கொண்டதுபோல் எழும்பும், அரை நிமிஷம் அலறும், அடங்கும், மறுபடி எழும்பும். வாக்கியத்தின் நடுவில் பயனிலையைத் தேடிக்கொண்டிருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய இம்சை கிடையாது.

இது மட்டுமென்றால் நான் இரண்டு நாள் முனகிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். விஷயம் வேறு. அந்தத் தை மாதத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில் என் தாயார் படுத்திருந்தாள்.

அம்மாவுக்கு எண்பத்து நாலு வயசு. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவள், தீபாவளிக்குப் பிறகு படி ஏற முடியாமல் மூச்சு வாங்கத் தொடங்கியதும், "சரி, தைப் பொங்கல் வரைக்கும்" என்று நிபந்தனை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். இருதயம் ரத்தத்தைத் தள்ளுகிற வலுவில் குறைந்துவிட்டதாம். அதனால் உடம்பில் நீர் தேங்கும், கால் வீங்கும், படுத்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். "தினம் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளைக்குள் இரண்டு கிலோ ஏறினால் எனக்குப் போன் செய்யுங்கள். தலையணை இரண்டு போதாமல் மூன்று கேட்கிறார்களா என்று கவனியுங்கள். ராத்திரியில் மூச்சுக்காக எழுந்து உட்கார்ந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்" என்றார்.

மூன்றாவது எச்சரிக்கைக்குக் காவல்காரன் நான்தான். என் மனைவி பகலெல்லாம் ஓடியாடிவிட்டு ஒன்பதரை மணிக்கே அசந்துவிடுவாள். நான் பத்து மணிக்கு மேல் எழுத உட்கார்ந்து இரண்டரை மூன்று வரை விழித்திருக்கிறவன். அம்மாவின் கட்டிலுக்கும் கூடத்தில் இருந்த என் மேஜைக்கும் நடுவில் ஒரு திறந்த கதவும் பதினைந்து அடியும். ஆகவே, சம்பளமில்லாத அந்த உத்தியோகம் இயல்பாகவே என்னிடம் வந்தது.

என் மனைவி முன்யோசனைக்காரி. கம்பி இல்லாத காலிங் பெல் ஒன்றை வாங்கி, பொத்தானை அம்மாவின் தலையணை அருகே வைத்து, "அத்தை, என்ன வேணுமானாலும் இதை ஒரு அழுத்து அழுத்துங்க, போதும்" என்று சொல்லி, இரண்டு தடவை அழுத்தியும் காட்டினாள். குருவி கூவுகிறாற்போல ஒரு பாட்டு வந்தது. அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் என்ன ஆபீசரா, மணி அடிச்சு ஆளைக் கூப்பிட?" என்று கேட்டு, மருந்துப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள். அவள் வாழ்நாளில் யாரையும் உரக்கக் கூப்பிட்டதில்லை. வேண்டியது இருந்தால் லேசாக ஒரு கனைப்பு, அல்லது தம்ளரை நாற்காலிமேல் வைக்கிற ஓசை. அவ்வளவுதான்.

அந்தக் கனைப்பைத்தான் ஒரு ராத்திரி நான் தவறவிட்டேன். லாப்டாப் அலறிக்கொண்டிருந்தது. எதிர் அறைக் கதவைத் திறந்துகொண்டு தூக்கக் கண்ணோடு என் மனைவி வந்து நின்று, "ஏங்க, அத்தை எத்தனை நேரமா தண்ணிக்குக் கனைக்கிறாங்க, பக்கத்துலே உக்காந்திருக்கீங்களே, காதிலே விழலியா?" என்றாள். தண்ணீர்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அடுத்த தடவை அது தண்ணீராக இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? அன்றைக்கு ஒரு வரிகூட எழுத ஓடவில்லை.

என் தங்கை மகன் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை பாட்டியைப் பார்க்க வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். "இதன் வாயை அடைத்துக் கொடு" என்றேன். என் யந்திரத்தில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். கால் மணி நேரம் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, இதுலே ஃபேனுக்கு ஜீரோவிலேருந்து ஏழு வரைக்கும் படி இருக்கு. சாதாரணமா அதுவே பார்த்து ஏத்தி இறக்கிக்கும். நாமே கையாலே வைக்கணும்னாலும் வைக்கலாம். ஆனா அந்த வசதியைப் பூட்டித்தான் வச்சிருப்பாங்க, பத்திரத்துக்காக. இப்ப நான் திறந்திருக்கேன். ஜாக்கிரதை."

"ஜீரோ என்றால்?"

"நின்னுடும்."

அவன் 'ஜாக்கிரதை' என்று சொன்னது எனக்குக் கேட்டது. 'நின்னுடும்' என்றது அதைவிட நன்றாகக் கேட்டது.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அவன் எழுதி வைத்துப் போன கட்டளையைப் பார்த்து ஜீரோ வைத்தேன். சப்தம் சரிந்து, இழைந்து, காணாமல் போயிற்று. அடடா! அம்மாவின் மூச்சு சீராக வருவது கேட்டது. சுவர்க் கடிகாரம் கேட்டது. மூன்றாவது வீட்டில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. தட்டெழுத்துப் பலகையில் என் விரல் விழுகிற ஓசை எனக்கே கம்பீரமாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் நாலு பக்கம் ஓடிற்று. என் கதாநாயகன் பல அத்தியாயங்களாகச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் சொன்னான்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு, உள்ளங்கை ஊன்றியிருந்த இடம் சுடத் தொடங்கியது. மூலையில் மருமகன் வைத்திருந்த எண் 81 காட்டிற்று, பிறகு 88, பிறகு 94. 'க' வைத் தட்டினால் அரை விநாடி கழித்துத் திரையில் 'க' வந்தது. நாலு எழுத்துச் சொல்லுக்கு, கல்யாணத்துக்கு அழைத்தவர்கள்போல், ஒவ்வோர் எழுத்தாக வந்து சேர்ந்தது. 97 என்று கண்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. எழுதினதைப் பத்திரப்படுத்தி, யந்திரத்தை அணைத்து, மூடி, விளக்கையும் நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். போகிறபோது உள்ளறையை எட்டிப் பார்த்தேன். அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரை மணிக்கு வீடு முழுவதும் இருட்டும் நிசப்தமுமாக இருந்தது. அந்த வருஷத்தில் நான் அவ்வளவு சீக்கிரம் படுத்தது அதுவே முதல் தடவை.

நாலரை மணிக்கு என் மனைவி பால் வாங்க எழுந்தவள் அலறிக்கொண்டு என்னை எழுப்பினாள். அம்மா கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, இரண்டு கைகளாலும் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கின. நெற்றியெல்லாம் வேர்வை. நெஞ்சுக்குள் குமிழி உடைகிறாற்போல ஒரு சப்தம். பேச்சு வரவில்லை. "எத்தனை நேரமாம்மா?" என்று கேட்டதற்குக் கையை விரித்து இரண்டு விரலைக் காட்டினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது, பிராணவாயு வைத்தார்கள், ஊசி போட்டு நீரை வடித்தார்கள். அதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. "இவ்வளவு தண்ணியையா சுமந்துக்கிட்டிருந்தேன்?" என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சாயங்காலம், அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, மனசில் அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, இரண்டு மணிக்கே எழுந்துட்டியே, ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

"நீ தூங்கிட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.

"தூங்கினா என்ன? எழுப்பக் கூடாதா?"

"எப்பவாவது ஒரு நாள் நேரத்தோட படுத்திருக்கே. அதையும் எதுக்குக் கெடுக்கணும்னு பார்த்தேன். கொஞ்ச நேரத்துலே சரியாயிடும்னு நெனச்சேன்." இரண்டு ஸ்பூன் கஞ்சி குடித்த பிறகு மறுபடியும் சொன்னாள். "தினம் உன் மிஷின் உஸ்ஸு உஸ்ஸுன்னு ஓடிக்கிட்டிருக்கும். சரி, பிள்ளை முழிச்சுக்கிட்டிருக்கான்னு இருக்கும். அன்னைக்கு அது கேக்கலே."

நான் கிண்ணத்தைக் கழுவி வருகிற பாவனையில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நிற்க. லாப்டாப் விசிறியின் சங்கதியை நான் ஒழுங்காகத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டது இதற்குப் பிறகுதான். அம்மாவின் காதுக்கு எட்டுகிற அளவு சப்தம் வேண்டும். அவள் கனைப்பை மூடிவிடாத அளவு சப்தம். ராத்திரி முழுவதும் ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதி. இதுதான் இப்போது எனக்கு வேண்டியிருந்தது. மருமகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "முதல்லே ரிச்சி தெருவுக்குக் கொண்டு போங்க மாமா. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம எந்தப் படி வச்சும் பிரயோஜனம் இல்லே" என்றான்.

மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைகிறபோதெல்லாம், உலகத்தில் பழுதாகாத பொருளே கிடையாது என்ற எண்ணம் எனக்கு வரும். ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் உட்காரத்தான் இடம். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயசுக்கு மேல் இராது. யந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பத்துத் திருகுகளைக் கழற்றினான்.

"இதுக்கு முன்னாலே எப்ப சார் திறந்தீங்க?"

"திறந்ததே இல்லை."

ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்த சின்ன விசிறியைக் காட்டினான். என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. அதன் வாய்க்கு எதிரே செப்புத் தகடுகள், சீப்புப் பல்லைவிட நெருக்கமாக. அந்தத் தகடுகளுக்கும் விசிறிக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு அடைத்துக்கொண்டிருந்தது. நெய்ததுபோலவே இருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தான். ஒரே துண்டாக வந்தது. ஆறேழு வருஷத்துத் தூசியும் நூலும் முடியும். முடியில் சில வெள்ளை, அது என்னுடையது.

"ஃபேன் எவ்வளவு வேகமா சுத்தினாலும் காத்து எங்கே சார் போகும்? கம்பளி போத்திக்கிட்டு விசிறிக்கிற மாதிரி" என்றான்.

எனக்கு வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கும். காற்றுக் குழாயால் தூசியை ஊதுவதற்கு முன், விசிறியின் இறகுகள் சுழலாதபடி ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகிக்கொண்டான். அந்தக் காற்றில் இஷ்டத்துக்குச் சுழலவிட்டால் அச்சு கெட்டுவிடுமாம். பிறகு செப்புக் குழாயைத் தூக்கினான். அதற்கடியில்தான் யந்திரத்தின் மூளையாகிய புராசஸர், விரல்நகம் அளவுக்கு. அதற்கும் செப்புக்கும் நடுவில் தடவியிருந்த பசை காய்ந்து, சுவரில் அடித்த பழைய சுண்ணாம்புபோல் பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப் பசையை ஒரு பட்டாணி அளவு வைத்து மூடினான். எழுநூறு ரூபாய் கேட்டான். நான் பேரம் பேசவில்லை. அதே தெருவில் எங்கள் குடும்பத்தார் யாரும் பேரம் பேசாமல் வந்ததில்லை.

அந்தச் செப்புக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வெறும் செப்புக் கம்பி என்றுதான் நான் நினைத்திருந்தேன். உள்ளே கூடாம். காற்றை வெளியேற்றி, சில துளி நீரை விட்டு, இரண்டு முனையையும் அடைத்துவிடுகிறார்கள். புராசஸர் பக்கத்தில் சூடு பட்டதும் நீர் ஆவியாகிறது. ஆவி மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே விசிறிக் காற்றில் குளிர்ந்து மறுபடியும் நீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள திரியோ சல்லடையோ அந்த நீரை உறிஞ்சித் திருப்பிக்கொண்டு வருகிறது. இதை 1963-ல் அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்ற விஞ்ஞானி செய்து காட்டினார். அவர் நினைத்தது ஆகாசத்தில் செலுத்துகிற கலங்களுக்காக. மாம்பலத்தில் ஒரு நாவலாசிரியன் மேஜையில் ராத்திரி முழுவதும் அது ஓசையில்லாமல் கொதித்துக் குளிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வீட்டில் தேங்கவேண்டாத இடத்தில் தேங்கிய நீரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, நகரவேண்டிய நீர் நகர்ந்துகொண்டிருக்கிற இந்தக் குழாயின் மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

சரி, இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? என் யந்திரத்தின் புராசஸர் நிதானமாக வேலை செய்கையில் தின்பது 15 வாட்டுக்குள். அந்தக் காலத்தில் படுக்கையறையில் 'ஜீரோ வாட் பல்பு' என்று ஒன்று எரியுமே, பெயர்தான் ஜீரோ, அதுவே பன்னிரண்டு பதினைந்து வாட் தின்னும். அவ்வளவுதான் இதுவும். ஆனால் பல்பின் சூடு கண்ணாடிக் குடுவை முழுவதும் பரவி வெளியேறும். இங்கே அத்தனையும் ஒரு நகத்தளவு இடத்தில். தவிர, இவர்கள் அதற்கு ஒரு குணத்தைக் கற்பித்திருக்கிறார்கள். எதையாவது திறந்தால், ஒரு பக்கத்தைப் புரட்டினால்கூட, சில விநாடிக்கு அது நாலுகால் பாய்ச்சலில் ஓடி முடிக்கப் பார்க்கும். அப்போது சக்தி இரண்டு மூன்று பங்காகிவிடும். வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டும். அழுத்தம் கூடினால் அதன் வர்க்கத்துக்குச் சூடு கூடும். நடுநடுவே விசிறி அலறியது இந்தப் பாய்ச்சலுக்காகத்தான். அப்படியும் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நடையைத் தளர்த்திவிடும். அன்று ராத்திரி எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தது அதனால்தான். யந்திரம் பழுதாகவில்லை, மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டது.

"உங்களுக்கு அந்தப் பாய்ச்சல் வேணுமா மாமா?" என்று மருமகன் கேட்டான். என் வேகம் மணிக்கு இருநூறு சொல். நல்ல நாளில் முந்நூறு. வேண்டாம் என்றேன். அதை நிறுத்தினான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சூட்டில் தெரிந்தது, தூசி எடுத்ததும் இதுவுமாகச் சேர்ந்து, வழக்கமாக 70-க்கு மேல் நின்றது 50 சுமாருக்கு வந்துவிட்டது.

பிறகுதான் படிகளுக்கு வந்தோம். எனக்குத் தெரியாமலிருந்து தெரிந்துகொண்ட கணக்கு ஒன்று உண்டு. அதை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால், அது தள்ளுகிற காற்றும் பாதியாகும். ஆனால் சப்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். காதுக்கு அது மூன்றில் ஒரு பங்காகத் தோன்றும். விசிறி தின்கிற மின்சாரம் எட்டில் ஒரு பங்குதான். அதாவது, முழுக்க நிறுத்தி வைத்திருந்து சூடு தலைக்கேறிய பிறகு அலறவிடுவதைவிட, எப்போதும் மெள்ள மெள்ள ஓடவிடுவதுதான் காதுக்கும் நல்லது, யந்திரத்துக்கும் நல்லது. நான் ஜீரோ வைத்தது எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று அப்போது விளங்கியது.

திங்க்ஃபேன் என்று ஒரு நிரல் இருக்கிறது. அதற்கு ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தால் போதும். எந்தப் படி எந்தச் சூட்டில் தொடங்கவேண்டும், எந்தச் சூட்டில் விடவேண்டும் என்று இரண்டு எண்கள். ஏறுகிற எண்ணும் இறங்குகிற எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது, அதில்தான் சூட்சுமம். 60-ல் மூன்றாம் படிக்கு ஏறு என்றும், 60-க்குக் கீழே இறங்கு என்றும் எழுதினால், 59-க்கும் 61-க்கும் நடுவில் ஊசலாடி, ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தூங்குகிறவர்களை எழுப்புவது சப்தம் அல்ல, சப்தத்தின் மாறுதல். ஆகவே 60-ல் ஏறினால், 52-க்கு வந்த பிறகுதான் இறங்கு என்று எழுதவேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் எட்டு டிகிரி பொறுமை.

"50-க்குக் கீழே ஜீரோ வச்சுடறேன். சுத்தமா சத்தமே இருக்காது" என்று மருமகன் பழக்க தோஷத்தில் எழுதப் போனான்.

"வேண்டாம்டா. இரண்டு வை. எவ்வளவு குளிர்ந்தாலும் இரண்டுக்குக் கீழே போகக் கூடாது."

நிமிர்ந்து பார்த்தான். உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டு என்றே எழுதினான்.

அவன் காட்டிய இன்னொரு ஏற்பாட்டையும் சொல்லவேண்டும். விசிறியை ஆள்கிற நிரல் ஏதாவது காரணத்தால் நடுவில் செத்துப்போனால்? ஜீரோவில் நின்றது நின்றபடியே இருந்தால் யந்திரம் வெந்துவிடுமே! அதற்காக உள்ளே ஒரு காவல் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நிரல் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு தடவையாவது குரல் கொடுக்கவேண்டும். அதிகபட்சம் 120 விநாடி வரை அந்தக் கெடுவை வைக்கலாம். அதற்குள் குரல் வராவிட்டால், சும்மா இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கும் என்று அது நினைத்துக்கொள்வதில்லை. ஏதோ விபரீதம் என்று எடுத்துக்கொண்டு விசிறியைப் பழைய தானியங்கி முறைக்கே திருப்பிவிடும். முன்பின் தெரியாத யாரோ, எந்தத் தேசத்திலோ உட்கார்ந்து இதை யோசித்து எழுதியிருக்கிறார். எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

அன்று ராத்திரி பரீட்சை நடந்தது. நான் கூடத்தில் யந்திரத்தை ஓடவிட்டு, உள்ளே போய் அம்மாவின் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தேன். இரண்டாம் படி, வெற்றிலைக் கொடியில் காற்று நுழைகிறாற்போல் லேசாகக் கேட்டது. "கேக்குதாம்மா?" "கேக்குது." மூன்றாம் படி வைத்தேன். "இது?" "இது அதிகம். முன்னது போதும்." பிறகு நான் கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, "கனைத்துக் காட்டு" என்றேன். கனைத்தாள். கேட்டது. தம்ளரை வைத்தாள், கேட்டது. என் மனைவி வாசற்படியில் நின்றுகொண்டு, "ரெண்டு பேரும் கச்சேரிக்கு மைக் டெஸ்ட் பண்றீங்களா?" என்றாள். அவளுக்கு மட்டும் அந்த மணிப் பொத்தானைப் பற்றிய வருத்தம் தீரவில்லை. அது இன்னும் மருந்துப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பங்குனி பிறந்ததும் தலைக்கு மேலே விசிறிகள் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டன. அறை 24 டிகிரியிலிருந்து 33-க்குப் போயிற்று. அறையில் ஒன்பது ஏறினால் புராசஸரிலும் ஏறக்குறைய ஒன்பது ஏறத்தானே வேண்டும்? அட்டவணையில் எண்களை எல்லாம் மாற்றி எழுதினோம். அம்மாவின் அறை விசிறி ஓசையில் இரண்டாம் படி கேட்கவில்லை என்று புகார் வந்தது. படியைக் கூட்டவில்லை. மேஜையைக் கதவோரமாகப் பத்து அடி நகர்த்திவிட்டேன். கூடத்தில் நடக்க வழியில்லை என்று என் மனைவி இடித்துக்கொண்டே போய் வருகிறாள். தைப் பொங்கல் வரைக்கும் என்று வந்த அம்மா, ஊருக்குப் போகும் பேச்சைச் சித்திரையில் எடுத்தாள். எடை பார்க்கிற யந்திரம் கிராமத்து வீட்டில் இல்லை என்று சொல்லி ஒத்திப்போட்டிருக்கிறோம்.

சென்ற வாரம் ஒரு ராத்திரி, ஒன்றரை மணி இருக்கும். எனக்கு ஒரு வரியும் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யந்திரம் என்னைக் கேட்காமல் தன்னைத்தானே ஏதோ புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. சூடு 60-ஐத் தாண்டியது. விசிறி மூன்று, நாலு, ஐந்து என்று ஏறிற்று.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னடா, இன்னைக்கு ரொம்ப யோசனையோ?"

"நான் இல்லேம்மா. அதுதான் யோசிக்குது."

"சரி, யாராவது ஒருத்தர் யோசிச்சா சரி" என்றாள் அம்மா. பிறகு தம்ளரை நாற்காலிமேல் வைக்கிற ஓசை கேட்டது. தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.